பாத்துக்கிறேன்

நாங்கள் அந்தக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை இருக்கும். பேருந்து நிறுத்தத்திலிருந்து கடலுக்கு இறங்கும் சந்தில் காலை வியாபாரம் முடிந்திருந்தது. இட்லிக் குண்டானைக் கழுவி ஊற்றிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் நிர்மல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட். கண்ணுக்குக் கீழே தோல் கறுத்துக் கிடந்தது. ஆனாலும் கடல் வாடை பட்டதும் நடை வேகமாகிவிட்டது.

எங்கள் வீடு பென்னலூரில். அவர் ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றார். நான் இன்னொரு கம்பெனியில் கார்களுக்கு ஒயர் கட்டுகிறேன். இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை விழுவது மாதத்தில் ஒரு ஞாயிறுதான். அந்த ஒரு ஞாயிறும் நாங்கள் சர்ச்சுக்குப் போகாமல் கடலுக்குப் போகிறோம் என்று வாலாஜாபாத்தில் இருக்கும் மாமியாருக்குக் குறை. ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில், அங்கிருந்து ரயில், அப்புறம் மாநகரப் பேருந்து. வடக்கே துறைமுகத்துப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு மாதமும் ஒரு குப்பமாகத் தெற்கே இறங்கி வந்தோம். மீன்பிடிப்பு நின்றுபோன, அல்லது நிற்கப்போகிற ஊர்கள். அவற்றின் பெயர்களை அவர் போனில் எழுதி வைத்திருந்தார். இது பதினேழாவது. இதன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. படித்துவிட்டு யாராவது கிளம்பிவிடக் கூடாது.

அழகான ஊர்தான். வீட்டுச் சுவர்களில் நீலமும் மஞ்சளும் அடித்து, திருக்கை மீனும் நண்டும் வரைந்திருந்தார்கள். பழைய வலைக் கொட்டகையில் ஒரு காபிக் கடை. கவிழ்த்துப் போட்ட படகின் மேல் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான் ஒருவன். குப்பத்துக்காரர்கள் பலர் உள்ளே தள்ளிக் கட்டின வாரிய வீடுகளுக்குப் போய்விட்டார்களாம். எல்லா வீட்டு வாசலிலும் காகிதப்பூ பூத்திருந்தது. எதிலும் மீன் வாடை இல்லை.

"கப்பு காபி நூத்தி எம்பதாம்" என்றார் நிர்மல். "கடலையும் சேத்தே குடுப்பானுங்க போல."

"வெறும் தண்ணி வாங்குங்க போதும்."

"இரு. கடைசி வரிசைல யாரனா இருப்பாங்க. கேட்டுப் பாக்கலாம்."

கடைசி வரிசையில் வர்ணம் இல்லை. கருங்கல் கொட்டின கரைக்கு முன்னால் ஏழெட்டு வீடுகள், ஓடு போனதும் கதவு போனதுமாக நின்றன. அங்கே போனதும் பாட்டுச் சத்தம், பேச்சுச் சத்தம் எல்லாம் யாரோ மூடி போட்டதுபோல் அமுங்கிவிட்டது. எங்கள் நிழல் எங்கள் காலடியிலேயே கிடந்தது.

நெத்திலி காயும் வாடை வந்தது. எங்கும் நெத்திலி காயவில்லை.

ஒரு வீட்டு வாசலில், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது சொல்லலாம், எழுபதும் சொல்லலாம். கடலைப் பார்த்த முகம். கடலில் பட்ட வெயில் கண்ணில் அடித்தும் இமை அசையவில்லை. புடவையின் கீழ்க்கரை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"அக்கா, குடிக்கத் தண்ணி கெடைக்குமா?" என்றார் நிர்மல்.

"உள்ள கீது. எட்துக்கோ. என்னால எய்ந்துக்க முடியாது."

"ஏன்க்கா, கால் வலியா?"

"கண்ண எட்தா போட்டு திரும்பிப் பூடும்."

நாங்களும் படகைத் தேடிக் கடலைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. வெள்ளையாய் எரிந்துகொண்டிருந்தது.

"எப்பலேந்து பாக்குறீங்க?"

"காத்தாலேந்து. எந்தக் காத்தாலன்னு கேக்காத" என்றாள்.

என் கணவர் சிரித்தார். கேலி இல்லை. உறக்கம் இல்லாதவரை உறக்கம் இல்லாதவருக்குத் தெரியும். அவர் அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"எங்க லைன் மாதிரியே கீதேக்கா. உங்களுக்கு ரிலீவர் கெடையாதா?"

"அப்டின்னா?"

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக இதை நான் சொல்ல வேண்டும். லைன் ஓடும்போது யாரும் தன் இடத்தை விட்டு நகரக் கூடாது. ஒன்றுக்குப் போவதென்றாலும் ரிலீவர் வர வேண்டும். அவன் பின்னால் வந்து நின்று தோளில் இரண்டு தட்டு தட்டி, "போ, பாத்துக்கிறேன்" என்பான். அந்தச் சொல்லைச் சொன்ன நொடியிலிருந்து அந்த இடம் அவனுடையது. அதற்கப்புறம் பாகம் கெட்டாலும் விரல் போனாலும் தட்டினவன் பொறுப்பு. ஒரு நாளைக்கு நூறு முறை இந்தச் சொல்லைக் கேட்கிறோம். வீட்டிலும் சொல்கிறோம். அடுப்பில் பால் இருந்தால் அவர் என் தோளைத் தட்டி, "பாத்துக்கிறேன், போய்க் குளி" என்பார்.

அவர் அதை அவளுக்கு விளக்கினார். அவள் கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அப்டி ஒருத்தரும் இங்க வர்ல" என்றாள்.

"இதோ வந்தாச்சு" என்றார் நிர்மல். எழுந்து அவள் பின்னால் போய் நின்றார். தோளில் இரண்டு தட்டு. "போய்ப் படுங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது.

"பாத்துக்கிறியா?"

"பாத்துக்கிறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான், போங்க."

அவள் எழுந்தாள். மூட்டுகள் ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டன. நெடுநேரம் அடக்கி வைத்த மூச்சை விட்டாள். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே வீட்டுக்குள் போனாள். நிர்மல் நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கப்போனவர், பாதியில் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன்.

உள்ளே கூரை இல்லை. பின் சுவரும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு மணல், அதற்கப்பால் கருங்கல், அதற்கப்பால் அலை. மணலில் ஒரு காலடி கூட இல்லை.

"என்னங்க, அந்தம்மா இல்ல. வாங்க போலாம்."

"இரு பெனி."

"எழுந்திரிங்க."

"ஒண்ணு தெரியுது" என்றார். "ரொம்ப தூரத்துல. கறுப்பா."

அவரை அங்கிருந்து கிளப்ப நாலு மணி ஆயிற்று. அவளைத் தட்டின உள்ளங்கை ஈரமாகவே இருந்தது. ரயிலில் ஜன்னலுக்கு முதுகு காட்டி, கிழக்கைப் பார்த்து நின்றுகொண்டு வந்தார். ஷேர் ஆட்டோவில் பின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். வழக்கமாக வாய் ஓயாமல் பேசுகிற மனிதர்.

அன்றிலிருந்து அவர் தூங்கவில்லை.

முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நைட் ஷிப்ட் மாறும் வாரத்தில் யாருக்கும் தூக்கம் குழம்பும். ஆனால் அவர் நாற்காலியைக் கிழக்குச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை, அதற்கப்புறம் லாரி நிறுத்தும் இடம், அப்புறம் சென்னை வரைக்கும் ஊர்கள். கடல் எங்கோ இருக்கிறது.

"சொவத்துல இன்னா பாக்குறீங்க?"

"சொவரு தெரியலமா. போட்டு தெரியுது. கண்ண மூடாம இருந்தா கிட்ட வருது. சிமிட்டினா கொஞ்சம் பின்னாடி போவுது. அசந்துட்டா மொத்தமும் போய்டும்."

மூன்றாம் நாள் வேலையில் லைனுக்கு முதுகு காட்டி நின்றிருக்கிறார். சூப்பர்வைசர் வெங்கடேசன், "ரெண்டு நாள் வூட்ல தூங்கிட்டு வாய்யா, கையி போய்டப் போவுது" என்று அனுப்பிவிட்டார். டாக்டர் இரண்டு தூக்க மாத்திரை கொடுத்தார். இரண்டையும் விழுங்கிவிட்டுத் திறந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாம் நாள் மத்தியானம், "போரூர் ஏரி தாண்டிடுச்சு" என்றார்.

ஆறாம் நாள், "செம்பரம்பாக்கம் ஏரிக்குள்ள வந்துடுச்சு பெனி. ஒரு ஆளு நிக்கிறான். மூஞ்சி தெரியல."

அன்று துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது எனக்கும் கேட்டது. லாரிச் சத்தத்துக்கு அடியில், டப்டப்பென்று ஒரு சிறிய என்ஜின். கொடியில் என் கை நின்றுவிட்டது. நெத்திலி வாடை.

அப்போது வீட்டுக்குள் ஏதோ விழுந்தது. ஓடினேன். கையிலிருந்த டம்ளர் தரையில் உருண்டு கிடந்தது; அவர் தலை மார்பில் சரிந்து, தானே விதிர்த்து நிமிர்ந்திருந்தார். ஒரு நொடிதான் அசந்திருப்பார். சத்தம் நின்றுபோயிருந்தது. வாடையும் இல்லை.

"போய்டுச்சு" என்றார். "திரும்ப அங்கேயே போய்டுச்சு." குழந்தைபோல் அழுதார், கண்ணைத் துடைக்காமல், இமையை மூடாமல்.

நான் அவர் பின்னால் போய் நின்றேன். கை தானாக உயர்ந்தது. பழக்கம்.

"பெனி." அவர் திரும்பாமலே சொன்னார். "கை வெக்காத. அந்த வார்த்தைய சொல்லாத. சொன்னீன்னா உன் தலைல வந்துடும். நான் பட்டது போதும்."

கையை இறக்கிவிட்டேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். அவர் வேண்டாம் என்று சொன்னபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். கடைசி வரிசைக்குப் போகத் தைரியம் இல்லை. வாரிய வீடுகளின் வாசலில் கூடை வைத்து மீன் விற்கிறவர்களிடம் விசாரித்தேன். மஞ்சுளா என்ற ஒரு அம்மா மட்டும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போட்டோ எட்க்க வந்தவங்கதான நீங்க? ஏன், முன்னாடி வரிசைல வரஞ்ச நண்டு பத்தலியா, கடேசி வரிசைக்குப் போவணுமா?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், தோளில் தட்டினதைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னான்னு சொன்னாரு? அந்த வார்த்தைய அப்டியே சொல்லு."

"பாத்துக்கிறேன், நீங்க போய்ப் படுங்கன்னு."

"அய்யோ, பாவி மனுசா."

அவள் என்னை மாடிப்படிக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அது எங்க சித்திதான். பேரு சொல்ல மாட்டேன். சித்தப்பா போன போட்டு வர்ல. அது ஒக்காந்துச்சு. சோறு எறங்கல, தூக்கம் இல்ல, ஒக்காந்தபடியே போய்ச் சேந்துச்சு. அப்புறமும் எய்ந்துக்கல. எங்காளுங்க எத்தினி பேரு போயிருப்போம் கூட ஒக்கார? ஒருத்தராச்சும் 'நீ போ, நான் பாத்துக்கிறேன்'னு சொல்லியிருப்போமா? எங்கூர்ல அந்தப் பேச்சே கெடையாது. 'நானும் கூட ஒக்காறேன்'னுதான் சொல்லுவோம். கூட ஒக்காந்தா பாரம் பாதி. பாத்துக்கிறேன்னு சொல்லிட்டா மொத்தமும் சொன்னவங்க மேல எறங்கிடும்."

"இப்ப நான் இன்னா பண்ணட்டும்?"

"அதையே சொல்லு. கூட ஒக்காறேன்னு சொல்லிட்டு ஒக்காரு. அந்தப் போட்டு கரைக்கு வந்துட்டா அவருக்கு வுடுதலை." என் கையைப் பிடித்தாள். மீன் செதில் ஒட்டின கை. "ஆனா தூங்கிடாதம்மா. கூட ஒக்காந்துட்டுத் தூங்கினா, நடுக்கடல்ல தனியா வுட்டா மாதிரி."

வீட்டுக்கு வந்ததும் தரையில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானும் கூட ஒக்காறேன்" என்றேன்.

சுவர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மங்கியது. அப்புறம் சுவர் இல்லை. சாம்பல் நிறமாய்க் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர். அதில் எள் அளவுக்கு ஒரு கறுப்பு.

கத்தியிருப்பேன். ஆனால் அவர் தோள்கள் இறங்குவதைப் பார்த்தேன். ஒரு வாரமாக விறைத்திருந்த தோள்கள்.

"கண்ண மூடித் தெறந்தேன் பெனி" என்றார், நம்பாதவர்போல். "அங்கியே நிக்குது."

"நான் பாத்துகினுதான இருக்கேன். நல்லா மூடுங்க."

நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். அவர் மூடும்போது நான் திறந்திருப்பேன், நான் மூடும்போது அவர். மூச்சு ஐந்து எண்ணுகிற நேரம், அதற்கு மேல் இல்லை. செவ்வாய்க்கிழமை அவர் இரண்டு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டார். புதன்கிழமை ஒரு முறை சிரித்தார். "ரெண்டு பேரும் ஒரே ஷிப்ட்ல வேல செய்யறது இதான் மொத தடவ" என்றார். படகு நகரத்தைத் தாண்டி, செம்பரம்பாக்கத்துக்குள் வந்து, அதையும் கடந்தது. வியாழக்கிழமை மத்தியானம் பென்னலூர் ஏரியில் என்ஜின் சத்தம் கேட்டது. நாங்கள் குடித்தனம் இருக்கும் ஊர் ஏரி. நடந்தால் பத்து நிமிடம்.

நிற்கிற ஆளின் சட்டை தெரிந்தது. அவன் கை உயர்ந்தது.

"கொஞ்ச நேரம்தான்" என்றார் நிர்மல்.

"ம்."

"முழிச்சுக்கினுகீறியா?"

"கீறேன்."

பல வருடமாக ஷிப்ட் மாறி மாறி வேலை செய்த உடம்பு. நாலு நாளாகப் படுக்கவில்லை. ஐந்து எண்ணுவதற்காகக் கண்ணை மூடினேன். ஒன்று எண்ணியது நினைவிருக்கிறது. இரண்டு எண்ணியதும் நினைவிருக்கிறது.

விழித்தபோது நாலு மணி வெயில் அறைக்குள் வந்திருந்தது.

சுவர் இருந்தது. காலண்டர் இருந்தது.

சத்தம் இல்லை.

அவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார். கண்கள் திறந்திருந்தன. தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். கண்களை மூட எல்லாரும் முயற்சி செய்தார்கள். மூட முடியவில்லை. அப்படியேதான் வாலாஜாபாத்தில் அடக்கம் செய்தோம். மாமியார் பெட்டியை மூடும்போது, "பாத்துகினே போறானே" என்று ஒரு தடவை சொல்லி மயங்கிவிட்டார்.

ஏழு மாதம் ஆகிறது. ஒரு முறை அந்தக் குப்பத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். நாற்காலி இல்லை. அவரும் இல்லை. அவருடைய இடம் அது என்று நினைத்துத்தான் போயிருந்தேன். மதியம் முழுக்கக் கருங்கல்லில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

வேறு வீடு பார்க்கச் சொன்னார்கள். எனக்குப் பெட்டி கட்டக்கூடத் தெம்பில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். தூங்கத்தான் பயம். படுத்தால் இரண்டு எண்ணினதும் திடுக்கிட்டு எழுந்துவிடுவேன். அப்படியே ஏழு மாதம்.

போன புதன்கிழமை எனக்கு இரண்டாவது ஷிப்ட். கம்பெனி பஸ் மத்தியானம் ஒன்று பத்துக்கு எங்கள் நிறுத்தத்துக்கு வரும். ஒரு நிமிடம் நிற்காது. சோற்றை டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, மணி பார்த்தால் பன்னிரண்டே முக்கால். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று வரைக்கும் எண்ணினேன்.

ஏழு மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை. கனவுகூட இல்லை. எழுந்தபோது மணி ஒன்றே கால் தாண்டியிருந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு, தலையைக்கூட வாராமல் ஓடினேன். பஸ் போயிருக்கும், ஒரு நாள் சம்பளம் போயிற்று என்று நினைத்துக்கொண்டே திருப்பத்தில் திரும்பினேன்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பெண்களெல்லாம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாம்சன் என்ற புது டிரைவர், திங்கட்கிழமைதான் இந்த ரூட்டுக்கு வந்தவர், கதவைத் திறந்தார்.

"மெதுவா ஏறுக்கா. இன்னா அவசரம்?"

"மன்னிச்சுக்கோங்கண்ணா. ஒக்காந்த எடத்துல அசந்துட்டேன்."

"அதான் தெரியுமே. உங்க வூட்டுக்காரு வந்து சொன்னாரு."

நான் படிக்கட்டில் நின்றேன்.

"யாரு?"

"ஒல்லியா, நீலக் கலர் கம்பெனி சட்ட போட்டுகினு. 'இப்பத்தாண்ணா கண்ண மூடினா, எழுப்ப மனசு வர்ல, பத்து நிமிசம் நில்லுங்க'ன்னாரு. நல்ல மனுசன்க்கா. ஆனா எம்மூஞ்சியப் பாத்து பேசல, அந்தாண்டயே பாத்துகினு பேசுறாரு."

அவர் கை காட்டின பக்கம் கிழக்கு. வெயிலில் ரோடு காலியாகக் கிடந்தது.

"ஒரகடம் வழியாத்தான் போறேன், நீயும் ஏறிக்கயேன், நெழல்ல போலாம்னேன்" என்று சாம்சன் கியரைப் போட்டார். "இல்லண்ணா, எனக்கு இன்னும் ஷிப்ட் முடியலன்னாரு."